தீக்குச்சி கனம்

டுலூத்
மார்ச் 6, 1994

டுவேனுக்கு,

பன்னிரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். சமாதானக் கடிதம் என்று நினைத்துக்கொண்டு உன் பெண்டாட்டி பெவ்விடம் ஓடிப் போய்க் காட்டாதே. எனக்கு ஒரு மிஷின் வாங்க வேண்டும், அதற்கு யோசனை வேண்டும், அவ்வளவுதான். போன் பண்ணியிருக்கலாம். உன் குரலைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை.

துறைமுகத்துத் தானியக் கிடங்கை நவம்பரில் மூடிவிட்டார்கள். எடைபோடும் அறையில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய காலம் முடிந்தது. நாள் முழுக்க வீட்டில் இருக்கிறேன். மார்லிஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில், "வீட்டுக்குள்ளயே சுத்திச் சுத்தி வந்து என் பிராணனை வாங்காதீங்க. கார் ஷெட்டுல பாதி சும்மாத்தானே கிடக்கு, போய் எதையாவது செய்யுங்க" என்று துரத்திவிட்டாள். சமையலறைக்கு அலமாரி செய்யலாம் என்றிருக்கிறேன். தட்டுகள் உட்கார பக்கப் பலகையில் நீளப் பள்ளமாகக் காடி எடுக்க வேண்டும். அதற்குச் சுழன்று மரத்தைக் குடைகிற ரூட்டர் மிஷின் வேண்டும்.

ஆமாம், அதே ரூட்டர்தான். என் இடது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உன் ஷெட்டில் வைத்துத் தின்ற அதே ஜாதி மிஷின். முடிதிருத்துகிறவனுக்கு அந்த இரண்டு விரல்தான் பிழைப்பு. முடியை அந்த இரண்டுக்கும் நடுவே பிடித்துத்தான் வெட்ட வேண்டும். என் கடை போனது. அதோடு விட்டதா? பலகையைத் தப்பான பக்கத்திலிருந்து தள்ளிய முட்டாள் என்று நீ ஊரெல்லாம் சொன்னாய். நார்ட்பியில் நான் நடந்து போனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் "தப்புப் பக்கம்! தப்புப் பக்கம்!" என்று கத்தினார்கள். அதனால்தான் இந்தக் குளிர்ந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். மறந்துவிடவில்லை என்று சொல்வதற்காக எழுதுகிறேன்.

விலைப்புத்தகத்தில் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று அறுபத்தொன்பது டாலர்: ஒரே வேகம், கால் அங்குலத் தண்டுள்ள பிட், அதாவது வெட்டுகிற அலகு, மட்டும் பிடிக்கும். இன்னொன்று நூற்று முப்பத்தொன்பது: வேகத்தைக் கூட்டலாம் குறைக்கலாம், கால் அங்குலம், அரை அங்குலம் இரண்டும் பிடிக்கும். பேப்பரில் ஒருவர் பழைய மிஷினை ஐம்பதுக்குத் தருகிறேன் என்று போட்டிருக்கிறார். எது வாங்கலாம்? முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் தச்சு வேலை சொல்லிக் கொடுக்கிற வாத்தியார் நீ. எனக்குத் தெரிந்தவர்களில் இது தெரிந்தவன் நீ ஒருவன்தான். அதுதான் என் தலையெழுத்து.

ஆர்விட்


நார்ட்பி
மார்ச் 14, 1994

அன்புள்ள தம்பி ஆர்விட்,

உன் கடிதத்தைப் பெவ்விடம் காட்டத்தான் காட்டினேன். அழுதாள். "டுவேனுக்கு" என்று மொட்டையாக எழுதியிருக்கிறாய். அண்ணா என்று எழுதக் கை வரவில்லையாக்கும். போகட்டும். நான் உன்னைவிட இரண்டு வயது மூத்தவன், பொறுத்துக்கொள்வேன்.

மிஷின் விஷயத்துக்கு வருகிறேன். அறுபத்தொன்பது டாலர் பொம்மையை வாங்காதே. சின்னப் பிட்டோடு நிற்கிறவனுக்கு அது போதும். நீ நிற்க மாட்டாய். நாளைக்குக் கதவுச் சட்டத்துக்குப் பூ வேலை என்று கையகலப் பிட் ஒன்றை வாங்கி வருவாய். அதைக் குறைந்த வேகத்தில்தான் ஓட்ட வேண்டும். இந்தப் பொம்மைக்கு ஒரே வேகம், அதுவும் தலைதெறிக்கிற வேகம். அரை அங்குலத் தண்டுதான் அதிராது, வளையாது. எழுபது டாலருக்கு யோசித்து இருக்கிற எட்டையும் பணயம் வைக்காதே.

பேப்பர்க்காரரின் பழையதைப் போய்ப் பார்ப்பதில் தப்பில்லை. சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார். இம்மியளவு ஆடினாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு. பிட்டைக் கவ்வுகிற கழுத்தைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் தடவு. தேய்ந்து பளபளவென்று இருந்தால் அது பிட்டைப் பிடிக்காது.

பிட் மாட்டுவதையும் சொல்லிவிடுகிறேன். எந்தப் புதுக் கையும் செய்கிற தப்பு இது, முதல் நாளே என் பிள்ளைகளுக்கு மண்டையில் ஏற்றிவிடுவேன். பிட்டை அடி தட்டும்வரை உள்ளே விட வேண்டும். பிறகு தீக்குச்சி கனத்துக்கு மேலே இழுத்து, அப்புறம்தான் ஸ்பேனரால் இறுக்க வேண்டும். அடி தட்டியபடியே இறுக்கினால் இறுகின மாதிரி இருக்கும், இறுகியிருக்காது. சூடு ஏறினதும் பிட் மெல்ல மெல்ல வெளியே ஏறிவிடும். கண்ணுக்குத் தெரியாது. பலகை சொல்லிவிடும்: காடி ஆரம்பத்தில் ஓர் ஆழம், போகப் போக இன்னோர் ஆழம். அப்படிப் பார்த்தால் உடனே மிஷினை நிறுத்து, இல்லாவிட்டால் பிட் பலகையைப் பிடுங்கி எறிந்து கையை இழுத்துவிடும்.

அப்புறம், மிஷினை மேசைக்கு அடியில் தலைகீழாக மாட்டிப் பலகையைத் தள்ளும்போது, வலமிருந்து இடம். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை! தப்புப் பக்கமாகத் தள்ளினால் பிட் பலகையைத் தடுப்புக்கட்டையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடும், காடியும் கோணும், கையும் போகும். கோபித்துக்கொள்ளாதே, சும்மா சொன்னேன்.

ஜூன் நான்காம் தேதி எனக்கு வழியனுப்பு விருந்து. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் இருநூறு பேர். பட்டறைக்கு என் பெயரை வைக்கிறார்கள், பித்தளைப் பலகை அடித்தாகிவிட்டது. என் இடத்துக்கு ரோண்டா என்று ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். கட்டைவிரல் எது சுத்தியல் எது என்று தெரிந்தால் சரி. நீயும் மார்லிஸும் வர வேண்டும். அம்மா இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள்!

உன் அண்ணன்
டுவேன்


டுலூத்
ஏப்ரல் 1, 1994

டுவேனுக்கு,

நூற்று முப்பத்தொன்பது டாலர் மிஷினையே வாங்கினேன். பேப்பர்க்காரர் மிஷினின் தண்டு ஆடியது. அந்த மட்டில் உன் யோசனை உருப்படியானது.

மிஷின் வந்ததும் பழகிப் பார்க்க ஒரு பழைய பலகை தேடினேன். கீழ்த்தளத்தில் பெயின்ட் டப்பாக்களுக்கு அடியில் ஒன்று கிடந்தது. முக்கால் அங்குல ஓக். டப்பாக்களை இறக்கிவிட்டுப் பலகையைத் திருப்பினேன். அடிப்பக்கத்தில் ஒரு காடி. முக்கால்வாசி தூரம் வந்து, பிய்த்துக்கொண்டு நின்றிருந்தது. அந்த இடத்தில் ஒரு கறுப்புக் கறை. பெயின்ட் என்றுதான் முதலில் நினைத்தேன்.

எந்தப் பலகை என்று உனக்குப் புரிந்திருக்கும். சர்ச் புத்தக அலமாரிக்காக நாம் அறுத்து வைத்த பலகைகளில் ஒன்று. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், நீ வீட்டில் இல்லாத நேரத்தில், மிச்ச மரத்தையெல்லாம் பெவ் என் வண்டியில் ஏற்றிவிட்டாள். "எரிக்கவாவது ஆகும், கொண்டு போ ஆர்விட்" என்றாள். ஒரு பாத்திரத்தில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வேகவைத்துக் கொடுத்தாள். இறைச்சியைச் சாப்பிட்டுவிட்டோம். மரத்தை எரிக்க மனம் வரவில்லை, நல்ல ஓக்.

உன் கடிதத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தேன். காடி கோணவே இல்லை. நூல் பிடித்த மாதிரி நேராக ஓடுகிறது. தப்புப் பக்கம் தள்ளினால் கோணும் என்று எழுதியது நீதான். ஆழத்தை அளந்தேன். ஆரம்பத்தில் கால் அங்குலம். நடுவில் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு. நின்ற இடத்தில் அரை அங்குலத்துக்கு மேல். மார்லிஸைக் கூப்பிட்டு அவளையும் அளக்கச் சொன்னேன். அவள் அளந்துவிட்டு ஸ்கேலைக் கீழே போட்டாள். "ஏங்க, நீங்க ஒரு தப்பும் பண்ணலையேங்க" என்றாள்.

அன்றைக்குப் பிட்டை மாட்டியது யார்? நான் தொடவே இல்லை. உன் மிஷினை யாரும் தொடக்கூடாது என்பது உன் சட்டம். பெவ் காப்பிக்குக் கூப்பிட்டாள், நீ அவசர அவசரமாக மாட்டினாய், காப்பி குடித்தோம், வந்து நான் தள்ளினேன். வலமிருந்து இடம் தள்ளினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு உன்னிடம் அதைச் சொன்னேன். "வலியில உனக்கு ஞாபகம் குழம்புதுடா" என்று சொன்னாய். நீ சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டேன். பன்னிரண்டு வருஷம் என் கையை நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

பதில் எழுது.

ஆர்விட்


நார்ட்பி
ஏப்ரல் 9, 1994

ஆர்விட்,

வாத்தியாருக்கே பாடம் எடுக்கிறாயா? பன்னிரண்டு வருஷம் ஈரக் கீழ்த்தளத்தில் கிடந்த பலகை. மரம் உப்பும், வளையும். அதை வைத்துக்கொண்டு நீ கோர்ட்டு நடத்துகிறாய். சீப்பு பிடித்த கைக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலம் அளக்கத் தெரியுமா? அது அதே பலகை என்பதற்குத்தான் என்ன அத்தாட்சி? அன்றைக்குப் பன்னிரண்டு பலகை அறுத்தோம்.

நான் யோசனை கேட்டவனுக்கு நல்ல மனதோடு எழுதினேன். நீ அதைக் கத்தியாக்கி என் கழுத்தில் வைக்கிறாய். உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு பனியில் நாற்பது மைல் ஓட்டினவன் யார்? விரல்களை ஐஸில் போட்டு எடுத்து வந்தவன் யார்? அதெல்லாம் உன் பலகையில் எழுதியிருக்காது.

முப்பது வருஷத்தில் என் பட்டறையில் ஒரு பிள்ளைக்கு நகம் கூடப் போனதில்லை. விருந்துக்கு எட்டு வாரம் இருக்கும்போது பார்த்து ஆரம்பிக்கிறாய். பொறாமை என்றால் நேராகச் சொல்.

டுவேன்


டுலூத்
ஏப்ரல் 16, 1994

டுவேனுக்கு,

உப்பின மரம் எல்லாப் பக்கமும்தான் உப்பும். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் படிப்படியாக ஆழமாகாது. அதுவும் உனக்குத் தெரியும்.

விரல்களை ஐஸில் போட்டது நீதான். இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு நன்றி சொல்லிவிட்டேன், ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டேன். அதையே எத்தனை தடவை விற்பாய்?

அவசரத்தில் தப்பு யாருக்கும் வரும். பிட்டை நீ சரியாக மாட்டாததை நான் அன்றைக்கே மன்னித்திருப்பேன், சத்தியமாக மன்னித்திருப்பேன். நீ பழியைத் தூக்கி என் தலையில் போட்டாயே, அதை எப்படி மன்னிப்பது? வருஷா வருஷம் செப்டம்பரில், முதல் வகுப்பில், என் கதையைச் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தாயே! "எந்தப் பக்கம்?" என்று நீ கேட்பாயாம். "வலமிருந்து இடம்!" என்று அவர்கள் கத்துவார்களாம். "தப்புப் பக்கம் போனவன் யாரு?" "ஆர்விட்!" பெட்ரோல் போட வந்த ஒரு பையன் என் கையைப் பார்த்துவிட்டு இதை என்னிடமே சொல்லிச் சிரித்தான். நான்தான் ஆர்விட் என்று அவனுக்கு நான் சொல்லவில்லை.

விபத்து நடந்த வருஷமே அம்மா போனாள். போவதற்கு இரண்டு நாள் முன்னால் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீ சின்னதுலயிருந்தே அவசரக்காரன்டா. டுவேன் சொன்னதக் கேட்டிருக்கலாம்ல" என்றாள். நீ ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தாய். வாயைத் திறக்கவில்லை.

எனக்கு ஒன்று மட்டும் வேண்டும். ஜூன் நான்காம் தேதி, அந்த இருநூறு பேர் முன்னால், பிட்டை மாட்டியது நான் என்று சொல். ஒரே ஒரு வாக்கியம். சொல்கிறாயா இல்லையா?

ஆர்விட்


நார்ட்பி
மே 15, 1994

ஆர்விட்,

நாலு வாரமாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். இதையும் கிழிப்பதற்கு முன்னால் தபாலில் போட்டுவிட வேண்டும்.

அன்றைக்கு உன்னை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து ஷெட்டுக்குள் போனேன். மேசையில் பிட் அரை அங்குலத்துக்கு மேல் நின்றுகொண்டிருந்தது. கால் அங்குலத்துக்கு வைத்தது நான். பார்த்ததுமே புரிந்துவிட்டது. பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த தீக்குச்சி கன இடைவெளியை அன்றைக்கு நான் விடவில்லை. காப்பி ஆறுகிறது என்று பெவ் இரண்டாவது தடவை கத்தினாள், அடி தட்டினதும் இறுக்கிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. பிட்டைக் கழற்றி டப்பாவில் போட்டேன். பலகையையும் எரித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

மறுநாள் தலைமையாசிரியர் வீட்டுக்கு வந்தார். "எப்படி ஆச்சு டுவேன்? உன் ஷெட்டுலயா இப்படி?" என்று கேட்டார். அந்த வருஷம்தான் பள்ளிக்கூடப் பட்டறையை மூடலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வாயில் வந்தது, தப்புப் பக்கம் தள்ளிட்டான் சார் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் எல்லாரிடமும் அதையே சொல்ல வேண்டியதாயிற்று. முதல் செப்டம்பரில் வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாம் வருஷம் அவர்களைப் பார்த்தே சொன்னேன். அதற்கப்புறம் அது நடந்த கதை மாதிரியே ஆகிவிட்டது. உன் கேள்விக்கு அந்தத் தீக்குச்சியை எழுதும்போது கூட எனக்கு உறைக்கவில்லை ஆர்விட். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் ஜூன் நான்காம் தேதி என்னால் முடியாது. பேரப்பிள்ளைகள் முன் வரிசையில் உட்காருவார்கள். பெவ்வுக்கு இன்னும் தெரியாது. அந்தக் கதையை என் பேச்சில் எடுக்க மாட்டேன், அது சத்தியம். விருந்து முடியட்டும். அப்புறம் ஒவ்வொருவராகச் சொல்கிறேன். என் பெரிய ரூட்டரை உனக்கு அனுப்பியிருக்கிறேன், மூன்று எச்.பி., நீ வாங்கியதைப்போல் மூன்று மடங்கு விலை. கடைக்காரரிடம் உன்னுடையதைத் திருப்பிக் கொடுத்துவிடு.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு.

டுவேன்


டுலூத்
ஜூன் 7, 1994

டுவேனுக்கு,

உன் மூன்று எச்.பி. மிஷினைப் பெட்டி பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டேன். என் ஏழை மிஷின் எனக்குப் போதும். அலமாரி முடிந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் தீக்குச்சி கனம் விட்டேன். பன்னிரண்டு காடி, முனைக்கு முனை ஒரே ஆழம்.

விருந்துக்கு வந்தேன். கடைசி மேசையில் மார்லிஸோடு உட்கார்ந்திருந்ததை நீ பார்த்தாய், கையை ஆட்டவும் செய்தாய். பன்னும் பன்றித்தொடையும் நன்றாக இருந்தது என்று பெவ்விடம் சொல். உன் கடிதம் என் கோட்டுப் பையில் இருந்தது. பலகை வண்டியில் இருந்தது. நீ பேசி முடித்தாய். சொன்ன சொல்படி என் கதையை எடுக்கவில்லை. நீ இறங்கி வந்து என்னிடம் பேசினால் கடிதத்தை அங்கேயே கிழித்துவிடலாம் என்று கூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்படி ஒரு பைத்தியக்காரன் நான்.

அதற்குள் இரும்புக்கடைக்காரப் பையன் ஒருவன், உன் பழைய மாணவன், எழுந்து மைக்கைப் பிடித்துக்கொண்டான். "எல்லாரும் சேர்ந்து ஒரு தடவை, சாருக்காக! எந்தப் பக்கம்?" என்றான். இருநூறு பேரும் வலமிருந்து இடம் என்று கத்தினார்கள். "தப்புப் பக்கம் போனவன் யாரு?" கூரை பிளக்கிற மாதிரி என் பெயர். உன் பேரப்பிள்ளைகள் கூடக் கத்தினார்கள். அவர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். நீ என்னைப் பார்த்தாய். மைக் உன் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. "சரி சரி, போதும்ப்பா, விடுங்க" என்று சொல்லிவிட்டு நீயும் சிரித்தாய்.

நான் எழுந்தேன். கடிதத்தைப் படிக்கத்தான் எழுந்தேன். ஆனால் கை கோட்டுப் பைக்குள் போனதோடு சரி. எல்லோரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே போய்விட்டேன். மார்லிஸ் பின்னாலேயே வந்து, "படிக்காம வந்துட்டீங்களே, இவ்வளவு தூரம் எதுக்கு வந்தோம்?" என்று அழுதாள்.

வண்டிப் பக்கத்தில் உன் ரோண்டா நின்றுகொண்டிருந்தாள். கூட்டம் பிடிக்காமல் வெளியே வந்தாளாம். என் கையைப் பார்த்தாள், நான் யார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரிக்கவில்லை. "சார், கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. நிஜமாவே இடப்பக்கத்துலயிருந்துதான் தள்ளினீங்களா?" என்று கேட்டாள். பன்னிரண்டு வருஷத்தில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

வண்டிக் கதவைத் திறந்தேன். பலகையை எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டு போய், காடிக்குள் கட்டைவிரலை வைத்து ஆரம்பத்திலிருந்து கறை வரைக்கும் ஓட்டினாள். திரும்ப ஒரு தடவை ஓட்டினாள். சுத்தியல் தெரியாதவள் என்று எழுதினாயே, அவளுக்கு அளவுகோலே தேவைப்படவில்லை.

"வலமிருந்துதான் தள்ளியிருக்கீங்க. பிட்டு ஏறியிருக்கு" என்றாள். "செப்டம்பர்ல பிள்ளைங்களுக்குக் காட்ட இதை நான் வச்சுக்கலாமா? பட்டறைச் சுவத்துல, அந்தப் பித்தளைப் பலகைக்குக் கீழயே ஆணி அடிச்சு மாட்டிடறேன்."

வைத்துக்கொள்ளம்மா என்றேன்.

உன் கடிதத்தை நான் எரிக்கவில்லை. அவளிடம் கொடுக்கவும் இல்லை. அதற்குத் தேவை வரவில்லை. பலகையைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு நாலு எட்டு நடந்தவள், திரும்பி நின்று கேட்டாள்.

"பிள்ளைங்க கேப்பாங்க சார். பிட்டை மாட்டினது யாரு?"

"எங்க அண்ணன்" என்றேன்.

ஆர்விட்